மிதிக்க முடியாத எதிரி

வீடியோ விளையாட்டுகள் அடிதடியைத்தான் கற்றுத்தருகின்றன என்று பெரியவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு ‘ஆம்ப்’ நினைவுக்கு வரும்.

1996இல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ 64’ விளையாட்டில் அறிமுகமான எதிரி இது. கண்கள் கொண்ட கறுப்பு உருண்டை. உடலைச் சுற்றி மின்சாரம் பாயும். 2007இல் வந்த ‘சூப்பர் மாரியோ கேலக்சி’யிலும் மீண்டும் வந்தது.

மாரியோவின் எதிரிகள் பலர் தலையில் மிதித்தால் ஒழிந்துபோவார்கள். கூம்பா அப்படித்தான். ஆம்ப்பை மிதித்தாலோ, மின்சாரம் தாக்குவது மாரியோவைத்தான். பெரும்பாலும் அது யாரையும் துரத்துவதில்லை. தன் வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுற்றைக் கவனித்து, அது விலகும் நேரத்தில் கடந்துவிட வேண்டும்.

சிறுவயதில் கோபத்தில் அதன்மீதே பாய்ந்து பாய்ந்து தோற்றிருக்கிறேன். நின்று பார்க்கப் பழகிய பிறகுதான் வழி கிடைத்தது.

பல்கலைக்கழகத்திற்கு வந்த பின்னும் அதே தவற்றைச் செய்தேன். சங்கக் கூட்டங்களில் மாற்றுக் கருத்து எழுந்தால் உடனே பாய்வேன். நண்பர்கள் சிலரை அப்படியே இழந்தேன். எல்லாத் தடைகளும் மிதிப்பதற்கல்ல, நண்பர்களே. சிலவற்றுக்குச் சற்று நேரம் கொடுத்தாலே போதும். இதை எனக்கு முதலில் சொன்னது ஒரு விளையாட்டுதான்.