பழைய ஷீட்டைக் கழற்றப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

திருவெறும்பூர், துவாக்குடி, அரியமங்கலம் பக்கம் போனால், சாம்பல் நிறத்தில் அலை அலையான ஷீட் கூரைகளை நிறையவே பார்க்கலாம். 1960-களில் பெல் கொதிகலன் ஆலை வந்த பிறகு வேகமாக வளர்ந்த பகுதி இது. மொட்டை மாடி போர்ஷன், லேத் பட்டறை, மாட்டுக்கொட்டகை எல்லாவற்றுக்கும் கட்டுப்படியான கூரை 'ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்'தான். இப்போது பலர் அதைக் கழற்றிவிட்டு கலர் ஷீட் போடுகிறார்கள். கவனம் தேவைப்படுவது அந்த நேரத்தில்தான்.

அப்படி என்ன ஆபத்து?

ஆஸ்பெஸ்டாஸ் என்பது கல்நார். இதை சிமென்ட்டோடு கலந்துதான் ஷீட் செய்கிறார்கள். முழுசாக இருக்கும் ஷீட்டிலிருந்து நார் அதிகம் வெளிவராது. உடைத்தால், அறுத்தால், துளை போட்டால் கண்ணுக்குத் தெரியாத தூசியாகக் கிளம்பி நுரையீரலில் தங்கிவிடும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோய் தெரியவரவே 20, 30 வருடங்களுக்கு மேல் ஆகலாம்.

அதனால்தான் 1995-ல் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப் பிறகு 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்கச் சொன்னது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடை செய்துவிட்டன. இந்தியாவிலோ கல்நார் ஷீட் இன்னமும் விற்பனையில் இருக்கிறது.

எங்கெல்லாம் இருக்கலாம்?

* சாம்பல் நிற அலை ஷீட், அதன் முகட்டு மூடி
* பழைய சிமென்ட் மழைநீர்க் குழாய், தண்ணீர்த் தொட்டி
* பழைய கட்டடங்களின் ஃபால்ஸ் சீலிங் பலகை
* பட்டறைகளில் பாய்லர், அடுப்பு, சூட்டுக்குழாய் மீது சுற்றிய வெள்ளைக் கயிறு, துணி

உடைந்த ஓரத்தில் மெல்லிய நார் நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகப்படலாம். ஆனால், கல்நார் இல்லாத ஃபைபர் சிமென்ட் ஷீட்டும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். அதுவரை பழைய ஷீட்டை ஆஸ்பெஸ்டாஸ் என்றே நினைத்து நடந்துகொள்வது நல்லது.

என்ன செய்யலாம்?

* விரிசல் இல்லாத ஷீட்டை அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். பாசியைச் சுரண்டவும் வேண்டாம்.
* கழற்றியே ஆக வேண்டுமா? பழக்கமுள்ள ஆட்களிடம் விடுங்கள். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, ஜே போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். மேலிருந்து தூக்கிப் போடக் கூடாது.
* துணி மாஸ்க் போதாது. தூசியைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.
* அந்த நேரத்தில் குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம். வேலை செய்தவர் உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.
* உடைந்த துண்டுகளைப் பள்ளம் நிரப்பவோ, ஆட்டுக்கொட்டகைத் தரையில் பரப்பவோ வேண்டாம். கெட்டி பாலித்தீனில் சுற்றி வைத்து, எங்கே ஒப்படைப்பது என்று மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

கூரை மாற்றும் வேலை ஒரு நாளில் முடிந்துவிடும். ஆனால், கூரை மேல் ஏறுகிறவர் தினமும் ஏதோ ஒரு வீட்டில் இந்தத் தூசியைச் சுவாசிக்கிறார். கூலி பேசும்போதே அவருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்!