கோச்சி இல்லாத கோச்சிப் படம்

நம்ம வீடுகளில் போட்டி என்றாலே கடைசியில் வரும் கேள்வி ஒன்றுதான்: "எத்தினையாம் இடம்?" பேச்சுப் போட்டிக்கும் அதே கேள்வி, சங்கீதப் பரீட்சைக்கும் அதே கேள்வி, லெவன் பிளஸுக்குக் கேட்கவே வேண்டாம். ரயில் படப் போட்டிக்கு மட்டும் இதுவரை யாரும் டியூஷன் வகுப்புத் தொடங்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அதை உங்களுக்குச் சிபாரிசு செய்கிறேன்.

பிரிட்டனில் இதற்குப் பெரிய செலவு இல்லை. நெட்வேர்க் ரயில் நிலையங்களில் சொந்தத் தேவைக்குப் படம் எடுக்கலாம். ஃப்ளாஷ் கூடாது, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், மற்றவர்களுக்கு வழி விட வேண்டும். பாதையில் இறங்கினால் அது குற்றம், 1,000 பவுண்ட் வரை அபராதம். அபராதத்தை விடுங்கள், மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். தென் லண்டன் பக்கம் தரையோடு ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட். "ஒரே ஒரு படம்தானே அப்பா" என்று பிள்ளை கெஞ்சினாலும் இதில் பேச்சுக்கே இடமில்லை. வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

எங்கள் பத்து வயது மகள் ஒரு போட்டியின் சிறுவர் பிரிவுக்குப் படம் எடுக்க, சசெக்ஸில் இருக்கும் புளூபெல் ரயில்பாதைக்குப் போனோம். 1960இல் தொண்டர்கள் திரும்ப ஓட விட்ட பாதை அது. 2013இலிருந்து ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வரை வருகிறது. லண்டனிலிருந்து சாதாரண ரயிலில் அங்கே இறங்கி, அப்படியே நீராவி ரயிலுக்கு மாறலாம். சுமார் 11 மைல். ஒவ்வொரு நிலையத்தையும் ஒவ்வொரு காலத்துக்குரிய மாதிரி வைத்திருக்கிறார்கள். ஷெஃபீல்ட் பார்க்கில் விக்டோரியா காலம், ஹோர்ஸ்டெட் கீன்ஸில் இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலம், கிங்ஸ்கோட்டில் 1950கள்.

என் தொழில் புத்தி கணக்கில்தான் தொடங்கும். இப்படியான பாதைகளில் உச்ச வேகம் பெரும்பாலும் மணிக்கு 25 மைல், அதாவது வினாடிக்கு சுமார் 11 மீற்றர். ஷட்டர் 1/60 வினாடி திறந்திருந்தால் அதற்குள் ரயில் 19 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும், படம் கலங்கும். 1/500 என்றால் 2 சென்ரிமீற்றர்தான். பக்கவாட்டில் ஓடும் ரயிலைவிட, சாய்வாக நம்மை நோக்கி வரும் ரயிலைத் தெளிவாகப் பிடிப்பது சுலபம். இதை மகளுக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் வேகம், தூரம், நேரம் என்று படிப்பது இதுதானா என்று கேட்டாள். இதுதான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் இருநூறுக்கு மேல் படங்கள். அனுப்பலாம் என்றது ஒன்றே ஒன்று. எனக்குப் பிடித்த படத்தில் எஞ்சின் முழுதாக இருந்தது, இலக்கம் வாசிக்கலாம், நீராவி அழகாகச் சுருண்டு நின்றது. மகள் எடுத்து வைத்தது வேறு. ஹோர்ஸ்டெட் கீன்ஸ் மேடை, வாங்கில் முதுகு காட்டி இருக்கும் ஒரு வயோதிபச் சோடி, தூரத்து மரங்களுக்கு மேலே கொஞ்சம் வெள்ளை நீராவி. அவ்வளவுதான்.

"அப்பா, உங்கட படத்தை அண்டைக்கு அங்க நிண்ட எல்லாரும் எடுத்தவை" என்றாள். உண்மைதான். எங்களோடு பத்துப் பேர் அதே மூலையில் நின்றார்கள். அவள் படத்தையே அனுப்பினோம்.

அமெரிக்கப் படக்கலைஞர் ஓ. வின்ஸ்டன் லிங்க் 1955 முதல் 1960 வரை நோர்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் பாதையின் கடைசி நீராவி ரயில்களை இரவில் படம் பிடித்தார். 1956இல் அவர் எடுத்த புகழ்பெற்ற படத்தில் ரயில் பின்னால்தான் ஓடுகிறது. முன்னால் திறந்தவெளிச் சினிமா, காருக்குள் ஒரு காதல் சோடி. ரயிலைச் சுற்றியிருந்த வாழ்க்கையும் அதில் வந்துவிட்டது.

அனுப்பிய படத்தை அப்பப்பாவுக்கும் காட்டினாள். "இதில கோச்சியைக் காணேல்லையே, பிள்ளை?" என்றார்.

"வருது அப்பப்பா. அவை பாத்துக்கொண்டு இருக்கினம்."

அவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கொழும்பில் வேலை செய்த அண்ணனைக் கூட்டிப்போகக் கொடிகாமம் ஸ்டேஷனில் சைக்கிளோட யாழ்தேவிக்குக் காத்து நின்ற கதையைச் சொன்னார். 1990இல் நின்ற அந்த ரயில் 2014இல் திரும்ப யாழ்ப்பாணம் வந்ததை அவர் டிவியில்தான் பார்த்தார். அண்ணன் அதற்கு முன்னமே போய்விட்டார். முப்பது வருடத்துக்கு மேல் அவரோடு ஒரே வீட்டில் இருந்த நான் கேட்காத கதை அது. என்னுடைய எஞ்சின் படம் அதை வெளியே கொண்டுவந்திருக்காது.

படம் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. மகள் ஒரு பின்னேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், பிறகு அடுத்த முறை எங்கே போவது என்று கேட்டாள். படம் இப்போது அப்பப்பாவின் அறையில் தொங்குகிறது.

உங்கள் பிள்ளை அனுப்புவதென்றால் மூன்று விஷயம். முதலாவது, விதிகளை முழுதாக வாசியுங்கள். வயது எல்லை, பெற்றோர் சம்மதம், படத்தை அவர்கள் எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பது எல்லாம் அதற்குள்தான் இருக்கும். படத்தின் எல்லா உரிமையையும் கேட்கும் போட்டியை விட்டுவிடுங்கள். இரண்டாவது, திருத்தாத மூலக் கோப்பை அழிக்காதீர்கள். தேர்வானால் கேட்பார்கள். மூன்றாவது, எந்தப் படம் என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். கேட்டால் மட்டும் கருத்துச் சொல்லுங்கள்.

குளிரில்தான் நீராவி வெள்ளையாகத் தெரியும், வெயில் நாளில் காற்றோடு கரைந்துவிடும். அதனால் நவம்பருக்குப் பிறகு போவது நல்லது. தடித்த ஜாக்கெட், மேலதிக பட்டரி, பாணும் சம்பலும் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள். நடமாடக்கூடிய நிலையில் இருந்தால் தாத்தா பாட்டியையும் கூட்டிப்போங்கள்.