பூட்டு ஸ்ட்ராங்குதான்... ஆனா பூட்டுன விதம்? 2020-ல் ஜூம் சறுக்கியது எங்கே?

2020 ஏப்ரல். ஊரடங்கு நேரம். ஆபீஸ் மீட்டிங், ஆன்லைன் கிளாஸ் என எல்லாமே ஜூம் செயலிக்குள் நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் இயங்கும் சிட்டிசன் லேப் ஆய்வுக்குழு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது.

ஏ.இ.எஸ்-256 பாதுகாப்பு தருவதாக ஜூம் சொல்லியிருந்தது. ஆனால் உள்ளே இருந்தது ஏ.இ.எஸ்-128. அதுவும் பயன்படுத்தக் கூடாத முறையில் இருந்தது என்றது அந்த அறிக்கை.

ஏ.இ.எஸ் என்றால் என்ன?

தகவலைப் பூட்டவும் திறக்கவும் ஒரே சாவியைப் பயன்படுத்தும் குறியாக்க முறை இது. இதற்கு முன் இருந்த டி.இ.எஸ் முறையில் சாவியின் நீளம் 56 பிட் மட்டுமே. 1998-ல் அதற்கென்றே கட்டிய ஒரு இயந்திரம், மூன்று நாளுக்குள் சாவியைக் கண்டுபிடித்துவிட்டது. அதன் இடத்துக்கு, இரண்டு பெல்ஜிய நிபுணர்கள் உருவாக்கிய ஏ.இ.எஸ் முறையை 2001-ல் அமெரிக்க அரசு தரநிலையாக அறிவித்தது.

உள்ளே என்ன நடக்குது?

முதலில் தகவல் 16 பைட் துண்டுகளாக வெட்டப்படும். ஆங்கிலத்தில் சொன்னால் 16 எழுத்து. ஒவ்வொரு துண்டும் நாலுக்கு நாலு கட்டத்தில் அடுக்கப்படும்.

* ஒவ்வொரு பைட்டும் ஓர் அட்டவணைப்படி வேறொன்றாக மாறும்.
* வரிசைகள் பக்கவாட்டில் நகர்த்தப்படும்.
* ஒவ்வொரு பத்தியில் இருப்பவையும் ஒன்றோடொன்று கலக்கப்படும். கடைசிச் சுற்றில் மட்டும் இது கிடையாது.
* சாவியிலிருந்து உருவான ஒரு துணைச் சாவி சேர்க்கப்படும்.

இது ஒரு சுற்று. 128 பிட் சாவி என்றால் 10 சுற்று, 256 பிட் என்றால் 14. 128 பிட்டிலேயே சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்கம்! ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது நடக்காத காரியம்.

அப்போ சிக்கல் எங்கே?

ஒரே சாவியில் ஒரே துண்டைப் பூட்டினால், ஒரே விடைதான் வரும். ஒரு படத்தில் பின்னணி முழுக்க வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். துண்டுகளைத் தனித்தனியாகப் பூட்டினால், வெள்ளைத் துண்டுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் மாறும். பூட்டிய பிறகும் உருவம் நிழலாகத் தெரியும். இ.சி.பி எனப்படும் இந்த முறையைத்தான் ஜூம் பயன்படுத்தியிருந்தது. ஒவ்வொரு துண்டோடும் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு மதிப்பைச் சேர்த்தால் இந்தப் பிரச்னை வராது.

இன்னொரு சிக்கல், சாவி. அதை உருவாக்கியதே ஜூம் சர்வர்கள்தான். சீனாவுக்கு வெளியே இருந்தவர்கள் பேசிய சில அழைப்புகளுக்குக்கூட சாவி சீன சர்வர் வழியாக வந்ததாக அறிக்கை சொன்னது.

பிறகு?

சில வாரங்களில் வந்த ஜூம் 5.0 பதிப்பு, ஜி.சி.எம் என்ற பாதுகாப்பான முறையில் 256 பிட்டுக்கு மாறியது. சாவி பயனர்களிடமே இருக்கும் வசதி அக்டோபரில் வந்தது.

இத்தனைக்கும் ஏ.இ.எஸ்ஸை யாரும் உடைக்கவில்லை. அதனால, அடுத்த முறை ஏதாவது செயலி 256 பிட் பாதுகாப்புன்னு விளம்பரம் பண்ணா, ஒரு கேள்வி கேளுங்க: சாவி யார் கையில இருக்கு?