ஆட மறுப்பவனும் வெளியேற மறுப்பவனும்

வாரமொன்றுக்கு இரண்டு இலட்சம், மூன்று இலட்சம் பவுண் சம்பளம் பெற்றுக்கொண்டு முகாமையாளரின் சொல்லுக்குக் கட்டுப்படாத ஒரு வீரனைக் கழகம் என்ன செய்யவேண்டும்? உதைபந்தாட்ட இரசிகர்கள் இதற்கு வைத்திருக்கும் விடை ஒன்றுதான். தூக்கியெறி, சிறுவர்களோடு பயிற்சிக்கு அனுப்பு, அவன் தானாகவே ஓடும்வரை அவமானப்படுத்து. இங்கிலாந்தின் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் கருத்துரைக்கும் முன்னாள் ஆட்டக்காரர்களும் இதையேதான் சற்று நாகரிகமான சொற்களில் கூறிவருகிறார்கள். இந்த விடை அநீதியானது என்பதோடு, கழகத்தின் நலனுக்கே கேடானது என்பதும் எனது கருத்து.

முப்பது வருடங்களுக்கு மேலாகச் செய்தி மேசையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை முதலில் கூறிவிடுகிறேன். வெளிநாட்டுச் செய்தி முகவரகங்களின் விளையாட்டுச் செய்திகளைத் தமிழாக்கும்போது, கழகம் எந்தப் பெயரடையை வீரனுக்குச் சூட்டியதோ அதையே நாமும் சூட்டிவிடுகிறோம். 'ஒத்துழைக்காத வீரர்' என்பது அப்படி வந்து சேர்ந்த ஒன்று. ஒத்துழையாமை என்ற சொல் எங்கள் பாட்டன்மார் காலத்திற் காந்தியின் பெயரோடு வந்த கௌரவமான சொல். இன்று விளையாட்டுப் பக்கத்தில் அது வெறும் வசை. அந்த வசைக்குள் முற்றிலும் வேறான இரண்டு மனிதர்கள் ஒன்றாக அடைக்கப்படுகிறார்கள். ஒருவன் செய்யவேண்டிய வேலையைச் செய்ய மறுப்பவன். மற்றவன் வேலை செய்யத் தயாராக இருப்பவன். ஆனால், கழகம் தனக்குத் தருவதாக எழுதிக்கொடுத்ததை விட்டுக்கொடுக்க மறுப்பவன்.

முதலாமவனுக்கு உதாரணம் தேடி அலையவேண்டியதில்லை. 2011 செப்டெம்பர் 27 ஆம் திகதி மியூனிக் நகரின் அலியான்ஸ் அரங்கில் நடந்த சம்பியன்ஸ் லீக் போட்டியில், மரியோ கோமெஸ் அடித்த இரண்டு கோல்களால் மன்செஸ்டர் சிட்டி பயேர்ன் மியூனிக்கிடம் பின்தங்கியிருந்தது. மாற்று வீரர்களின் ஆசனத்தில் இருந்த ஆர்ஜென்டீன வீரர் கார்லோஸ் டெவெஸ் களமிறங்க மறுத்துவிட்டார் என்று முகாமையாளர் றொபேர்ட்டோ மன்சினி போட்டி முடிந்ததும் அறிவித்தார். டெவெஸ் இதை மறுத்தார். ஏற்கெனவே உடலைச் சூடேற்றிவிட்டதால் மறுபடியும் அதைச் செய்ய மறுத்ததாகவும், விளையாட மறுக்கவில்லை என்றும் கூறினார். அவருடைய வாரச் சம்பளம் இரண்டு இலட்சம் பவுண் அளவில் என்று அப்போது எழுதப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில், 35 வருடங்களின் பின்னர் சிட்டி வென்ற முதலாவது பெரிய கிண்ணமான எஃப்.ஏ. கிண்ணத்தை அணித் தலைவராகக் கையிலேந்தியவரும் அவரே.

அன்றிரவு மன்சினி செய்த காரியத்தைத்தான் நான் குறைகூறுகிறேன். தன்னைப் பொறுத்தவரை இனி அந்த வீரருக்கு இடமில்லை என்ற பொருள்பட, தொலைக்காட்சிக் கமராக்களுக்கு முன்னாற் கூறினார். கிரேம் சூனஸ் போன்ற முன்னாள் வீரர்கள், நவீன உதைபந்தாட்டத்தின் கேடுகள் எல்லாவற்றுக்கும் டெவெஸே வடிவம் என்ற கணக்கில் முழங்கினர். இரசிகர்கள் கைதட்டினர். சரி, அதன் பின்னர் நடந்தது என்ன?

கழகம் அவரை இரண்டு வாரம் இடைநிறுத்தி விசாரணை நடத்தியது. ஒப்பந்த மீறல் எனத் தீர்த்து நான்கு வாரச் சம்பளத்தைத் தண்டமாகக் கோரியது. இங்கிலாந்தில் இரண்டு வாரச் சம்பளத்துக்கு மேல் தண்டம் விதிப்பதற்கு வீரர்களின் தொழிற்சங்கம் இணங்கவேண்டும். அவர் விளையாட மறுத்ததற்குச் சான்றில்லை என்று சங்கம் கூறவே, தண்டம் இரண்டு வாரமாகக் குறைந்தது. நவம்பரில் டெவெஸ் அனுமதியின்றி ஆர்ஜென்டீனாவுக்குப் போய்விட்டார். மூன்று மாதங்கள் அங்கே கோல்ஃப் விளையாடினார். இது தெளிவான குற்றம். இதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கழகம் மேலும் ஆறு வாரச் சம்பளத்தை வெட்டியது. ஜனவரியில் விற்றுவிட முயன்றது. முகாமையாளரே முடிந்துபோனவர் என்று உலகறியச் சொன்ன ஒருவரை முழு விலை கொடுத்து வாங்க எவன் வருவான்? ஏசி மிலான் இரவலாகத் தரும்படி பேரம் பேசியது. சந்தையில் மாட்டைக் கட்டிவிட்டு, 'இது முட்டும், பால் கறக்காது' என்று உரக்கக் கூவியவன் விலை படியவில்லையே என்று கவலைப்பட்டால் யார் என்ன செய்யமுடியும்?

2012 பெப்ரவரியில், மன்சினி தன்னை நாயைப்போல் நடத்தியதாக ஒரு தொலைக்காட்சிக்குக் கூறிய கையோடு டெவெஸ் திரும்பிவந்தார், மன்னிப்பும் கேட்டார். இடமில்லை என்று சொன்ன அதே மன்சினி மார்ச் 21 ஆம் திகதி செல்சிக்கு எதிராக அவரைக் களமிறக்கினார். சமீர் நஸ்ரியின் வெற்றி கோலுக்குப் பந்தை வழங்கியவர் டெவெஸ். ஏப்ரல் 8 ஆம் திகதி ஆர்சனலிடம் தோற்றபோது சிட்டி எட்டுப் புள்ளிகள் பின்தங்கி நின்றது. எஞ்சியிருந்தவை ஆறு போட்டிகள். ஆறையும் வென்றது. வெஸ்ட் புறொம்விச்சுக்கு எதிராக டெவெஸ் ஒரு கோல், நோர்விச்சுக்கு எதிராக மூன்று. நோர்விச்சில் மூன்றாவது கோலை அடித்துவிட்டுக் கோல்ஃப் மட்டையை வீசுவது போலப் பாவனை செய்தார். துடுக்குத்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். மே 13 ஆம் திகதி கடைசி நிமிடத்தில் செர்ஜியோ அகுவேரோ அடித்த கோல்தான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. மன்செஸ்டர் யுனைட்டெட்டும் சிட்டியும் தலா 89 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் எட்டு அதிகம் என்பதாற் சிட்டி 44 வருடங்களின் பின்னர் சம்பியனானது. டெவெஸ் அடித்த நான்கு கோல்களை அந்த எட்டோடு வைத்துப் பாருங்கள்.

இங்கே நான் கண்டது இதுதான். ஆட மறுப்பவனுக்கு ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட தண்டனையை, எழுதப்பட்ட அளவில், சத்தமில்லாமற் கொடுக்கவேண்டும். சம்பளத்தை வெட்டலாம், அணியிற் சேர்க்காமல் விடலாம். கதவை மட்டும் பூட்டக்கூடாது. 2025 ஓகஸ்டில் நியூகாசில் யுனைட்டெட் இதைச் சரியாகச் செய்தது. அலெக்ஸாண்டர் இசாக் லிவர்பூலுக்குப் போகவேண்டுமென்று அடம்பிடித்து விளையாடாமல் இருந்தார்; கழகம் வாக்குறுதியை மீறியதாகப் பகிரங்கமாகவும் எழுதினார். அப்படியொரு வாக்குறுதியை எவரும் வழங்கவில்லை, அவர் எமது குடும்பத்தில் ஒருவர், திரும்பிவர விரும்பும்போது வரவேற்கப்படுவார் என்ற கருத்தில் அமைந்த சிறிய அறிக்கையோடு கழகம் நிறுத்திக்கொண்டது. செப்டெம்பர் முதலாம் திகதி 12.5 கோடி பவுண் என்று சொல்லப்பட்ட தொகைக்கு, பிரித்தானியாவின் சாதனை விலைக்கு, அவர் கைமாறினார். மிரட்டலுக்குக் கழகம் பணிந்ததே என்று சிலர் குமுறினர். பணிந்தது உண்மைதான். ஆனால் பொருளைத் தானே பழித்து விலையைக் குறைத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது வகை மனிதருக்கு வருகிறேன். எனக்குக் கோபம் அதிகம் வருவது இங்கேதான்.

நெதர்லாந்தின் வின்ஸ்டன் போகார்ட் 2000 ஆம் ஆண்டு செல்சியுடன் நான்கு வருட ஒப்பந்தம் செய்தார். வாரச் சம்பளம் 40,000 பவுண் என்று சொல்லப்பட்டது, அக்காலத்திற் பெருந்தொகை. அவர் வந்து சில நாட்களில் முகாமையாளர் ஜியன்லூகா வியாலி பதவிநீக்கப்பட்டார். புதிதாக வந்த கிளோடியோ ரனியேரிக்கு இவர் வேண்டியிருக்கவில்லை. வெளியேறும்படி கூறினர், மாட்டேன் என்றார். இளையோர் அணியுடன் பயிற்சிக்கு அனுப்பினர்; போனார். நான்கு வருடங்களில் மொத்தம் பன்னிரண்டு போட்டிகளில் மட்டுமே களமிறங்கி, ஒப்பந்தம் முடிந்த பின்னரே கழகத்தை விட்டார். பேராசைக்கு இலக்கணமாக இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். அவர் மீறிய நிபந்தனை எது? பயிற்சிக்கு வராமல் விட்டாரா? ஆடச்சொல்லி மறுத்தாரா? கழகம் தானாக விரும்பிக் கையெழுத்திட்ட ஒரு தாளை அவர் கிழிக்கவில்லை. அவ்வளவுதான் குற்றம்.

நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், ஓய்வுபெறும் வயதுக்கு நான்கு வருடங்கள் இருந்த ஒப்புநோக்குநர் ஒருவருக்கு மேசையும் கதிரையும் கொடுத்து வேலையை மட்டும் கொடுக்காமல் விட்டார்கள். தாமாகப் போனால் நட்டஈடு கொடுக்கத் தேவையில்லை அல்லவா? மனிதர் ஒவ்வொரு நாளும் எட்டரைக்கு வந்து, பழைய அகராதியொன்றை வாசித்துவிட்டு ஐந்து மணிக்குப் போவார். கன்ரீனில் அவரை 'சும்மா சம்பளம் எடுப்பவர்' என்று கேலிசெய்தவர்கள் முதலாளிகள் அல்லர், அவரோடு ஒரே சங்கத்தில் இருந்தவர்கள். அவருடைய மாதச் சம்பளம் போகார்டின் ஒரு மணித்தியாலத்துக்கும் காணாது. உத்தி மட்டும் ஒன்று.

2020 இல் மெசுட் ஓசிலுக்கு நடந்ததும் அந்த உத்தியின் உறவுதான். 2018 இன் தொடக்கத்தில் அவருடைய ஒப்பந்தம் முடிய ஆறு மாதங்களே இருந்தன. அலெக்ஸிஸ் சன்செஸ் மன்செஸ்டர் யுனைட்டெட்டுக்குப் போய்விட்டார். இவரும் விலையின்றிப் போய்விடுவாரோ என்ற பயத்தில் ஆர்சனல் வாரம் மூன்றரை இலட்சம் பவுண் எனச் சொல்லப்பட்ட சம்பளத்துக்கு 2021 வரை ஒப்பந்தம் செய்தது. பயந்தது கழகம், எழுதியது கழகம். கொவிட் தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரலில், வீரர்கள் 12.5 வீதச் சம்பளக் குறைப்புக்கு இணங்கவேண்டும் என்று கேட்கப்பட்டது. பணம் எங்கே போகிறது என்ற விபரம் தெரியவேண்டும் என்று ஓசில் இணங்கவில்லை. மறுநாளே அவர் 'ஒத்துழைக்காதவர்' ஆனார். ஓகஸ்டில், எஃப்.ஏ. கிண்ணத்தை வென்ற சில நாட்களில், 55 ஊழியர்களை வேலையிலிருந்து நிறுத்தப்போவதாக ஆர்சனல் அறிவித்தது. அவர் கேட்ட விபரம் நியாயமானது என்று அப்போதாவது எத்தனை பேர் எழுதினார்கள்?

அந்த மார்ச் 7 ஆம் திகதிக்குப் பின்னர் ஓசில் ஆர்சனலுக்காக ஆடவேயில்லை. ஒக்டோபரில் பிறீமியர் லீக்குக்கான 25 பேர் பட்டியலிலிருந்தும் ஐரோப்பா லீக் பட்டியலிலிருந்தும் அவர் பெயர் விடுபட்டது. 2021 ஜனவரியில் துருக்கியின் ஃபெனர்பாசேக்குப் போகும்வரை, அந்த மூன்று மாதங்களுக்கு மட்டும் ஏறத்தாழ 45 இலட்சம் பவுணைக் கழகம் அவருக்குக் கொடுத்திருக்கும். ஒரு நிமிடம்கூட ஆடவைக்காமல். அந்த அணியோ 2019-20 இல் எட்டாம் இடம், 2020-21 இலும் எட்டாம் இடம்.

முகாமையாளர் மிக்கேல் ஆர்டெட்டாவின் ஆதரவாளர்கள், அந்தக் கடுமையாலேதான் பின்னர் ஆர்சனல் எழுந்தது, 2022-23 இல் இரண்டாமிடம் வந்தது என்பார்கள். இந்த வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஓசில் அப்போது முன்னைய ஓசில் அல்லர் என்பது போட்டிகளைப் பார்த்த எவருக்கும் தெரியும். யாரை ஆடவைப்பது என்பது முகாமையாளரின் உரிமை. அதில் வீரனுக்கோ, எனக்கோ சொல் இல்லை. ஆனால் ஒருவனை ஆடவைக்காமல் விடுவது வேறு, சம்பளத்தை விட்டுக்கொடுக்காததற்காக அவன் குணத்தைக் கெடுத்துக் கதைகட்டுவது வேறு. முன்னதற்குப் போதியது ஒரு பெயர்ப் பட்டியல். பின்னதற்குப் பத்திரிகைகள் தேவைப்படுகின்றன, நாங்களும் இலவசமாக உதவுகிறோம்.

கோடீஸ்வர வீரனுக்கு ஏன் இவ்வளவு பரிவு என்று வாசகர்கள் கேட்கலாம். பரிவு எனக்கில்லை, அவர்களுக்கு அது தேவையுமில்லை. ஒரு வீரனை ஒப்பந்தத்தை முறிக்கவோ அதன் நிபந்தனைகளை மாற்றவோ கட்டாயப்படுத்தும் நோக்கில் முறைகேடாக நடத்தினால், அவன் ஒப்பந்தத்தை நியாயமாக முடித்துக்கொள்ளலாம் என்று ஃபீஃபா 2018 இல் தன் விதிகளில் எழுதிச் சேர்த்தது. அந்த விதியின் தேவை வாரம் மூன்று இலட்சம் பெறுபவனுக்கு மட்டும் உரியதன்று. சம்பளமே ஒழுங்காக வராத சிறு கழகங்களில், ஊர் தெரியாத, மொழி தெரியாத இருபது வயது ஆபிரிக்கப் பையனைத் தனியே ஓடவிட்டு, 'கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ' என்கிறார்களே, அவனுக்கும் உரியது. பெரிய வீரனிடம் இதைச் செய்யலாம் என்று இரசிகர்கள் அனுமதித்துவிட்டால் அவனுக்காக வாய் திறக்க எவரும் இருக்கப்போவதில்லை. 2025 ஓகஸ்டில் செல்சி, ரஹீம் ஸ்டேர்லிங்கைப் பிரதான அணியிலிருந்து பிரித்துத் தனியே பயிற்சி பெறவைத்தது. போகார்ட் வந்து கால் நூற்றாண்டாகியும் அதே கழகம், அதே உத்தி.

வெளியேற மறுப்பவனோடு கழகம் செய்யக்கூடியவை இரண்டே இரண்டு. ஆடவைக்கலாம். இல்லையேல் மிச்சப் பணத்தைப் பேசித் தீர்த்துக் கௌரவமாக அனுப்பலாம். அந்தப் பேச்சில் அவன் முழுத்தொகையும் கேட்டால், அது அவனுடைய பணம் என்பதால் கேட்கிறான். பணம் வீண்போனதே என்று வயிறெரிபவர்கள், பேனாவைப் பிடித்த கையைத் தேடிப் போகட்டும். ஓசிலின் ஒப்பந்தம் எழுதப்பட்டபோது ஆர்சனலின் தலைமை நிறைவேற்று அதிகாரியாக இருந்தவர் இவான் கஸிடிஸ். அதே ஆண்டின் இறுதியில் அவர் ஏசி மிலானின் உயர்பதவிக்குப் போய்விட்டார். அவரிடம் யாரும் 12.5 வீதம் கேட்டதாக நான் வாசிக்கவில்லை.