சேனைத் தண்ணீரா, சீம்பாலா?

விளாத்திகுளம் கரிசல் சீமையில் கன்று பிறந்தால், அது மடி முட்டிச் சீம்பால் குடிக்க வேண்டுமென்று எந்தச் சம்சாரிக்கும் யாரும் புத்தி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டாலோ, சீம்பாலைக் "கெட்ட பால்" என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, பெரியவர் ஒருவரைத் தேடிப்பிடித்து, சீனித் தண்ணீரை நாக்கில் தொட்டுச் சேனை வைக்கும் சடங்கு நம் தென்சீமையில் இன்னும் ஒழிந்தபாடில்லை. கன்றுக்குள்ள பாக்கியம் மனிதப் பிள்ளைக்குக் கூடாதா என்று கேட்கிறோம்.

சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வருமாம்! அப்படியானால் பள்ளிக்கூடம் எதற்கு? கலெக்டரைக் கூப்பிட்டு ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே நாளில் சேனை வைத்துவிட்டால் போதாதா? சீனிக்குப் பதில் தேனைத் தொட்டு வைத்தாலோ, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்தான நச்சுநோய் வரவும் இடமுண்டு.

உண்மையில் நடப்பதென்ன? பிறந்த நாள் முதல் பிள்ளையின் குடல் ஒரு பாடம் படிக்கிறது. உள்ளே வருவதில் எது உணவு, எது நோய், எதைப் பொறுப்பது, எதை எதிர்ப்பது என்பதே அப்பாடம். சீம்பாலிலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் குடற்சுவரில் காவல் நிற்கின்றன. தாய்ப்பாலில் பிள்ளைக்குச் செரிக்காத ஒருவகைச் சர்க்கரையும் உண்டு. அது குடலில் குடியேறும் நல்ல கிருமிகளுக்கான தீனி. அக்கிருமிகளின் துணையோடு, "இது பகையல்ல" என்று உடலின் காவற்படையை அடக்கிவைக்கும் அணுக்கள் பெருகுகின்றன. அவ்வணுக்களைக் கண்டுபிடித்த ஜப்பானியரான சகாகுச்சிக்கு, வேறிருவரோடு 2025-ல் நோபல் பரிசு கிடைத்தது. எந்தச் சாஸ்திரத்தைப் புரட்டி அவர் இதைக் கண்டார்?

ஆறு மாதம் கழிந்ததும் மூடத்தனம் தலைகீழாகிறது. அப்போது பலவகை உணவும் கொடுத்துக் குடலைப் பழக்க வேண்டும். நம்மவர்களோ "கடலை மாந்தம், முட்டை சூடு" என்று தடுக்கிறார்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற சீமையிலா கடலைக்குப் பயம்?

வைத்தியர்களும் ஒருகாலத்தில் தவறினார்கள். ஒவ்வாமைக்கு இடமுள்ள பிள்ளைகளுக்கு மூன்று வயதுவரை நிலக்கடலை வேண்டாமென்று 1998-ல் இங்கிலாந்திலும் 2000-ல் அமெரிக்காவிலும் சொன்னார்கள். பிறகு லண்டனில் அத்தகைய 640 கைக்குழந்தைகளை இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். 2015-ல் முடிவு வந்தது: ஐந்து வயதில், கடலை தின்னாத பிரிவில் 100-க்கு 17 பேருக்கு ஒவ்வாமை, தின்ற பிரிவில் 3 பேருக்கே. பழைய உபதேசத்தை அதற்கு முன்பே கைவிட்டிருந்தார்கள்; இம்முடிவுக்குப் பின் அதைத் தலைகீழாகவே மாற்றினார்கள். "முன்னோர் சொன்னது" என்று கட்டி அழவில்லை. அறிவுக்கும் சடங்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஆகவே தோழர்களே, பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். கழுதைப்பாலும் வேண்டாம், சேனையும் வேண்டாம். பிறகு தாய்ப்பாலோடு கம்பு, பருப்பு, முட்டை, நன்றாக அரைத்த கடலை என எல்லாம் கொடுங்கள். முழுக்கடலை தொண்டையில் சிக்கும். கடுமையான கரப்பான் உள்ள பிள்ளைக்கு டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள். சடங்கு கெட்டால் ஒன்றும் கெடாது. பிள்ளை கெட்டால் யார் பொறுப்பு?