மட்குவளையில் தேநீர்

பெங்களூருக்குக் குடிவந்து பன்னிரண்டு ஆண்டுகளாகியும், நண்பர் எவரையும் நான் இரவு உணவுக்கு அழைத்ததில்லை. "வீடு சிறிது, பாத்திரம் போதாது" என்பதே என் சாக்கு. சென்ற மார்கழியில், உடன் பணிபுரியும் நண்பருக்கு ஹுப்பள்ளிக்கு மாற்றல் வந்தது. பன்முறை தம் இல்லத்தில் எனக்குச் சோறிட்டவர் அவர். ஒருவேளை உணவேனும் இடாமல் வழியனுப்ப மனம் ஒப்பவில்லை.

கண்டோன்மென்ட் ரயில் நிலையத்தை அடுத்த பாட்டரி டவுனில் குயவர் குடும்பங்கள் பல தலைமுறைகளாகச் சக்கரம் சுழற்றி வருகின்றன. அங்கே ஆறு மட்குவளைகள் வாங்கினேன். 2004-இல் லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராயிருந்தபோது நிலையங்களில் மட்குவளைத் தேநீரைப் புகுத்தினார். அவ்வழக்கம் எங்கும் பரவி நிலைக்கவில்லை. நம் வீட்டிலேனும் நிலைக்கலாமன்றோ?

புதுக்குவளையை அப்படியே பயன்படுத்தலாகாது. மெருகிடாத சுட்ட மண்ணில் நுண்துளைகள் உண்டு. அவை தேநீரை உறிஞ்சும், மண்வாடையும் மிகும். என் மனைவி அவற்றை அரிசி கழுவிய நீரில் ஓரிரவு ஊறவைத்து, அலம்பி உலர்த்தினாள்.

அன்றிரவு வாழையிலையிட்டு அறுவர் தரையில் அமர்ந்தோம். அண்டை வீட்டுக் கன்னட அன்பர் அவரைக்கொட்டைச் சாறு கொணர்ந்தார். உணவு முடிந்து இஞ்சித் தேநீர் அருந்திய நண்பர், தம் குவளையைக் கழுவித் துடைத்து, "இதை நான் கொண்டுபோகட்டுமா?" என்றார். எனக்கு நா எழவில்லை.

அன்பர்களே! பாத்திரம் போதாதென்று விருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். நண்பர் ஊரைவிட்டுப் போனபின் பாத்திரம் வாங்கிப் பயன் என்ன?