சீட்டில் எழுதாத மருந்து

அரசு மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவில் காலை வரிசை வராந்தாவைத் தாண்டி நீளும். முறை வந்ததும் மாத்திரையின் பெயர், அளவு, காலை ஒன்று, இரவு ஒன்று என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். எழுந்திருக்கும்போது, "தினமும் நல்லா நடங்கம்மா" என்று ஒரு வார்த்தை. எவ்வளவு நேரம், என்ன வேகம், மூட்டு வலித்தால் என்ன செய்வது? அதெல்லாம் சீட்டில் இல்லை.

நடையின் மதிப்பை அளந்து காட்டிய ஊர் சென்னை. டாக்டர் அம்பாடி ராமச்சந்திரன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் பங்கேற்றனர். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களைவிட, நடையும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 26.4 சதவீதம் குறைந்தது.

புற்றுநோயிலும் உடற்பயிற்சியின் பலன் தெரிகிறது. பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோதெரபி முடித்த 889 பேரிடம் நடந்த பன்னாட்டு ஆய்வு 2025-ல் வெளியானது. மூன்றாண்டுகள் முறையான பயிற்சி பெற்றவர்களில் எட்டாண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 90 சதவீதம். கையேடு மட்டும் பெற்றவர்களில் 83 சதவீதம். பயிற்சி பெற்றவர்களுக்கு நேரிலும் தொலைபேசியிலும் வழிகாட்ட ஓர் ஆலோசகர் இருந்தார் என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

உடற்பயிற்சியும் மருந்து என்றால் அதற்குப் பக்கவிளைவும் உண்டு. அந்தப் புற்றுநோய் ஆய்வில் தசை, மூட்டுத் தொல்லைகள் பயிற்சி செய்தவர்களுக்கே கூடுதலாக வந்தன. இன்சுலின் போடுகிறவர் சாப்பிடாமல் வேகமாக நடந்தால் சர்க்கரை இறங்கி மயங்கி விழக்கூடும். பாதத்தில் ஆறாத புண் உள்ளவருக்கு நடையே புண்ணை ஆழமாக்கும். நாட்பட்ட களைப்பு நோயில், உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையைத் தரக்கூடாது என்று பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-ல் அறிவுறுத்தியது.

நடக்கிறோம் என்று இன்சுலினைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

ஆகவே "நடங்கம்மா" என்பதோடு மருத்துவரின் கடமை முடிந்துவிடாது. எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை நாள், எது கூடாது என்று சீட்டிலேயே எழுத வேண்டும். 2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் வீடு தேடி மாத்திரை கொண்டுபோகிறார்கள். இயன்முறை சிகிச்சையும் அத்திட்டத்தில் இருக்கிறது. மாத்திரை தீர்ந்ததா என்று கேட்கிறவர்கள், இந்த மாதம் எத்தனை நாள் நடந்தீர்கள், கால் வலித்ததா என்றும் கேட்கட்டும். அரசு அதற்கு இப்போதே ஏற்பாடு செய்ய வேண்டும்.